ஏரல்காரி கொடுத்த பால்

என் மகள் பிறந்தபோது அவளுடைய குடல் வயிற்றுக்கு வெளியே கிடந்தது. தொப்புளுக்குப் பக்கத்திலிருந்த ஓட்டை வழியாக வந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து உள்ளே வைத்துத் தைத்தார்கள். என் கணவர் தருவைகுளத்திலிருந்து கடலுக்குப் போயிருந்தார். தகவல் கிடைத்து அவர் கரைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பச்சிளம் குழந்தைகள் வார்டில் அடுத்த கண்ணாடிப் பெட்டியில், ஏரல் ஊரிலிருந்து வந்திருந்த ஒருத்தியின் மகன் இருந்தான். அவனுக்கும் அதே குறைதான், அதே ஆபரேஷன்தான். அவளும் நானும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். என்னைவிடச் சின்னவள், அக்கா என்றே கூப்பிட்டாள்.

என் மகளின் வயிற்றுக் குழாயில் பச்சைத் தண்ணீர் வருவது நின்றதும் டாக்டர் எங்களிடம் வந்தார்.

"இனி துளித்துளியா பால் குடுக்கலாம். அதோட புரோபயாட்டிக் பொடி சேர்க்கலாம்னு நெனைக்கேன். நல்ல கிருமிம்மா. குடல் தேற உதவலாம். கட்டாயம் உதவும்னு சொல்ல மாட்டேன்."

"எம் பயலுக்கும் குடுப்பீயளா சார்?" என்று ஏரல்காரி கேட்டாள்.

டாக்டர் தயங்கினார். "அவன் ரத்தத்துலயே கிருமி ஏறியிருக்கும்மா. நல்ல கிருமியக்கூட இப்ப அவன் தாங்க மாட்டான்."

மறுநாள் மத்தியானம் அவனைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்கள்.

பால் கட்டி, வலி பொறுக்க முடியாமல் அவள் மருத்துவமனைக்குத் திரும்பி வந்தாள். நேரே என் பெஞ்சுக்குத்தான் வந்தாள்.

"அக்கா, உங்களுக்குப் பால் வத்திட்டு. எனக்கு நிக்கவே மாட்டேங்கு. உங்க பிள்ளைக்குக் குடுக்கட்டா? வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க."

அவளுக்குப் பரிசோதனை செய்து, தாய்ப்பால் வங்கியில் பாலைப் பக்குவப்படுத்தி, அதில்தான் பொடியைக் கலந்து கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் மகள் வெளிக்குப் போனாள். நர்ஸ் சிரித்தபடி துணியைத் தூக்கிக் காட்டினார். என் கண் பக்கத்துப் பெட்டிக்குத்தான் போனது. அதில் வேறொரு குழந்தை இருந்தது.

நாங்கள் வீட்டுக்கு வந்தபின் ஏரல்காரி ஒருமுறை போன் செய்தாள். மகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். "பொறவு பேசுதேன்" என்றேன்.

"வைக்காதீங்க அக்கா. எம் பயலு தொண்டையில குழாய் கெடந்துச்சுல்லா, அவன் சத்தத்த நான் கேக்கவே இல்ல."

மகளின் அழுகை அடங்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனை வைத்துவிட்டாள். அதன்பின் அந்த எண் கிடைக்கவே இல்லை.

பொடி தேற்றியதா, பால் தேற்றியதா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. மகள் இப்போது பால்வாடிக்குப் போகிறாள். அவள் அழுதால், தூக்க ஓடுகிற என் கால் ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்த அழுகையைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது என்று தோன்றுகிறது.