தோகாசேயின் கண்ணுக்கு இன்னொரு தீர்ப்பு

ஒருத்தியைச் சந்தி சிரிக்க வைக்க ஜெபத்தைப் போல வசதியான ஆயுதம் வேறில்லை. எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள். குறுக்கே பேசினால் தெய்வ குற்றம். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தீவின் ஓஹோனுவா தேவாலயத்தில் லோசலினி எழுந்து நின்று குரலைக் குழைத்தாள்.

"ஆண்டவரே, எங்க அண்ணி தோகாசே மேல இரக்கம் வையும். சர்க்கரை அவங்க கண்ணத் தின்னுட்டிருக்கு. இனிமே பலகையில எழுதுற எண்ணு கூடத் தெரியாதாம். பாட்டுக் குழுவ யாரு கையில குடுக்கணும்னு நீரே காட்டும்."

ஆண்டவர் காட்டுவதற்குள் போதகர் லோசலினியைக் காட்டிவிட்டார். தோகாசே பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொன்னாள்.

படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கிறவள் தோகாசே. கப்பல் நிரம்பிவிட்டால் மந்திரியே வந்தாலும் இடமில்லை என்று சொல்லும் வாய் அவளுக்கு. பத்தொன்பது வருஷமாகப் பாட்டுக் குழுவும் அவள் கையில்தான். கரும்பலகையில் ஸ ரி கவுக்குப் பதிலாக மூன்று முதல் ஒன்பது வரை ஸ்வர எண்களை எழுதி, நாற்பது பேரை நாலு குரலில் பாடவைப்பாள். ஆனால் அந்த வாய் நாத்தனாரிடம் செல்லாது. எங்கள் தீவில் நாத்தனார் என்றால் பாதி ராணி. அண்ணன் வீட்டு விருந்தில் முதல் பன்றித்தொடை அவளுக்குத்தான். அண்ணி எதிர்த்துப் பேசினால் ஊர் காறித் துப்பும்.

தேவாலயக் கூடத்தில் நடந்த கண் பரிசோதனை முகாமின் முடிவு வந்த காகிதத்தைக் கணவன் பெனி மனைவிக்குக் கொடுக்கும் முன் தங்கை லோசலினியிடம் காட்டியிருந்தான். தோகாசே அவனை முதலில் பிடித்தாள்.

"இன்னொரு டாக்டர்கிட்ட காட்டப் போறேன். இது பொய்னு எழுதி வாங்கி, உங்க தங்கச்சி மூஞ்சியில ஒட்டல, நான் தோகாசே இல்ல."

"ஒருவேளை நெசமா இருந்தா?"

"உங்க கண்ணப் புடுங்கி வச்சுக்கறேன். அந்தக் காகிதத்த அவகிட்ட காட்டுன கண்ணுதானே, எனக்கும் ஆகும்."



தோகாசே கப்பலேறித் தலைநகருக்குப் போனாள். ஆக்லாந்திலிருந்து வந்திருந்த டாக்டர் விலியாமி சொட்டு மருந்து விட்டு, புதிதாகப் படம் எடுத்தார். முகாமில் எடுத்த பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"உங்க கண்ணு நல்லா இருக்கும்மா. இந்தப் பழைய படம் உங்களோடதே இல்ல. உள்ள ஓடுற ரத்தக்குழாய் கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும்."

"அப்ப யாரோடது?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும். இந்தப் படத்துல இருக்கறவங்களுக்குக் கண்ணுக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிச்சிடுச்சு. சீக்கிரம் லேசர் வைக்கலன்னா பார்வை போயிடும். முகாம் வரிசையில உங்க பக்கத்துல யாரு இருந்தா?"

தோகாசேக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தேவாலயக் கூடத்தில் அவள் எண் பதினேழு, லோசலினி பதினெட்டு. 'அடுப்புல ரொட்டி இருக்கு அண்ணி, முன்னால விடுங்க' என்று லோசலினி புகுந்துகொண்டாள். நாத்தனார் கேட்டால் மறுக்கவா முடியும்? பட்டியலில் மட்டும் யாரும் மாற்றி எழுதவில்லை.

"ஞாபகம் இல்ல டாக்டர்," என்றாள் தோகாசே.

"சரி, பட்டியல வரவழைச்சு நாங்களே ஒவ்வொருத்தரா விசாரிக்கிறோம். நாளாகும்."

திரும்பும் கப்பலில் அலை தூக்கித் தூக்கிப் போட்டது. எல்லாரும் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, தோகாசே மரவள்ளிக் கிழங்கைச் சுவைத்துச் சாப்பிட்டாள். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இத்தனை சுளுவாகப் பழிவாங்க யாருக்கு வாய்க்கும்?

இரண்டு வாரம் மூடிக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாம் வரிசையில் நின்று, லோசலினி கையை ஆட்டியதற்கேற்பப் பாடினாள். மூன்றாம் வாரம் சபை மாநாட்டுக்காகப் போதகர் புதுப் பாட்டு ஒன்றைப் பலகையில் எழுதிப் போட்டார். லோசலினி கோலால் தொட்டுக் காட்டியது எட்டு, வாயால் சொன்னது ஐந்து. தோகாசே எட்டைப் பாடினாள். மற்ற எல்லாரும் தயங்கி நின்றார்கள்.

"அண்ணி தப்பாப் பாடுறாங்க," லோசலினி சிரித்தாள். "பாவம், யாரும் கோவிச்சுக்காதீங்க. கண்ணு அப்படி."

கூடமே சிரித்தது. தோகாசேக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பயிற்சி முடிந்ததும் நேரே லோசலினி வீட்டுக்குப் போய், டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை அவள் கையில் திணித்தாள்.

"படி."

லோசலினி காகிதத்தைத் தள்ளிப் பிடித்தாள், பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். "கண்ணாடி உள்ள இருக்கு அண்ணி."

"கண்ணாடி உன் மூக்கு மேலதான்டி இருக்கு. எனக்குக் கண்ணு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கு. அழுகுது பாரு, அந்தக் கண்ணு உன்னுது. வரிசையில முன்னால புகுந்த இல்ல?"

லோசலினி அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்துத்தான் தோகாசே வந்திருந்தாள். அவளோ படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எனக்கும் முன்னாலயே சந்தேகந்தான். ஒரு வருஷமா பலகை தெரியல. பாடுறவ பலகையப் பாக்கணும். முன்னால நிக்கறவ அதுக்கு முதுகு காட்டி நிக்கலாம். மனப்பாடமாத் தெரிஞ்ச பாட்ட வச்சே ஓட்டிடலாம்னு…" அவள் தோகாசேயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணுக்குள்ள சூடு வைப்பாங்களாமே. நான் போக மாட்டேன். குருடாப் போனாலும் பரவால்ல. யாருக்கும் சொல்லாதீங்க அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தோகாசே விரும்பிய பழியை லோசலினியே தட்டில் வைத்து நீட்டினாள். சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்தது. அதைக் கேட்டதும் தோகாசேக்கு வந்த கோபம் மூன்று வாரக் கோபத்தையும் விழுங்கிவிட்டது. நாத்தனாரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"செவ்வாக்கெழமை மொதக் கப்பல். சீட்டு குடுக்கறவ நான், உன் பேரு நாளைக்கே ஏறிடும். சூடு வைக்கும்போது தலையப் புடிச்சுக்கறதும் நானேதான். குருடாப் போயித் தப்பிச்சுக்கலாம்னு பாக்கறியா? பலகைக்கு முன்னால நான் நிப்பேன்டி. மொத வரிசையில உக்காந்து, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும், ரெண்டு கண்ணாலயும் நீ அதப் பாக்கணும்."