எண்ணெய்க்கு மேலே தடவிய மருந்து

முடிவெட்டும் அண்ணன்தான் முதலில் பார்த்தார். "தம்பி, பின்னந்தலையில புழுவெட்டு விழுந்திருக்கே, தெரியுமா?" என்று கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். நாணயம் அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம்.

கந்தர்வக்கோட்டையில் ஒரு பள்ளியில் அப்போதுதான் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். பலகையில் எழுதத் திரும்பினால் வகுப்பே என் பின்னந்தலையைப் பார்க்கும். அதனால் வாயால் சொல்லியே கணக்கு நடத்தினேன். பிள்ளைகள் விழித்தார்கள். இப்படியே போனால் வேலை நிலைக்காது என்று எனக்கே தெரிந்தது.

புதுக்கோட்டையில் தோல் மருத்துவரைப் பார்த்தேன். "புழுவும் இல்ல, பூச்சியும் இல்லங்க" என்றார். நோயின் பெயர் அலோபீசியா ஏரியேட்டா (உடலின் காவல் அணுக்களே முடிவேரைத் தாக்குவது). தலையில் தடவச் சொல்லி ஸ்டீராய்டு லோஷன் (அந்தத் தாக்குதலைத் தணிக்கும் மருந்து) தந்தார். தவறாமல் தடவியும் வட்டம் பெரிதானதே தவிர, ஒரு முடி முளைக்கவில்லை.

மறுபடி போனபோது தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எண்ணெ வைக்கிறீங்களா?"

"காலையில அம்மா வச்சு விடுவாங்க மேடம். அதுக்கு மேலதான் மருந்து."

சிரித்துவிட்டார். "மருந்து எண்ணெ மேலயே நின்னா உள்ள எப்படிப் போகும்? இது முடிக்கு இல்லங்க, தோலுக்கு."

எங்கள் வீட்டில் தலை என்றாலே எண்ணெய் வைத்த தலைதான். வேறு தலை உண்டென்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று தோலைச் சுத்தம் செய்து மைக்ரோநீடிலிங் (நுண்ணூசிகள் பதித்த உருளையை உருட்டி, மிகச்சிறு துளைகளிட்டு மருந்துக்கு வழி விடுவது) செய்தார். சுருக்கென்றிருந்தது, அவ்வளவுதான். அந்த ஊசி உருளையைக் கடையில் வாங்கி வீட்டில் நீங்களே உருட்டாதீர்கள். புண்ணாகிச் சீழ் பிடிக்கும்.

எண்ணெய் கூடாது என்றதும் அம்மா முகம் வாடியது. "வறட்டுத் தலையோட போனா, ஒனக்கு ஆத்தா இருக்காளா இல்லையான்னு கேக்குமே சனம்!"

"ஒன் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது. யாருடி கேக்கப்போறா?" என்றார் அப்பா.

அதன்பின்னும் சில முறை மருத்துவரிடம் போய் வந்தேன். ஒருநாள் காலையில் அம்மா வெறும் விரலால் அந்த வட்டத்தைத் தடவினார். "தம்பி, குத்துதுடா!"

முளைத்தவை குட்டையாக, வெள்ளையாக இருந்தன. மெல்லக் கறுக்கும் என்றார் மருத்துவர். திரும்ப உதிரவும் கூடும் என்றார். அன்று பலகை நிறைய எழுதினேன். முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். எதற்கென்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அடுத்த வரிக்குப் போனேன்.