ஹொக்கிக்கு நேரில் போய்ச் சொன்ன காலம்

பேரனை மில்லிக்கன் ஐஸ் அரங்கில் ஸ்கேட்டிங் வகுப்புக்கு விட்டுவிட்டு வாங்கில் குந்தியிருக்கிறேன். ஐஸை வழித்து மினுக்குகிற வண்டி ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்புகிறது. அதன் புகை, ஈர ரப்பர் விரிப்பு, வியர்த்த கையுறை எல்லாம் கலந்து ஒரு மணம். இது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் களைப்புத்தான் வரும். டக்கின் முகம் அதற்குப் பிறகுதான்.

டக் என் பழைய மேலாளர். ஒரு கல்லூரியின் விளையாட்டுப் பகுதிக்குப் பொறுப்பானவர். நான் அவருடைய கந்தோரில் தொலைபேசி எடுக்கிற, கடிதம் அடிக்கிற ஆள். ஐஸ் என்றால் ஐஸ்பழம் என்று மட்டும் தெரிந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளை ஹொக்கிக் கந்தோரில் இருத்தியது அந்த மனுசனின் துணிச்சல்தான். இத்தனை வருடம் வேலை செய்தும் ஒரு நாள்கூட நான் ஐஸில் கால் வைக்கவில்லை என்பது வேறு கதை.

அந்தக் கல்லூரியில் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஒரு ஐஸ் ஹொக்கிப் போட்டி நடக்கும். பழைய போட்டி. டக் மாணவனாக அதில் விளையாடி ஒரு பல்லையும் விட்டவர். அவருக்கு அது கோயில் திருவிழா மாதிரி. ஆனால் பலமான அணிகள் வருவதை நிறுத்திவிட்டன. பெடியன்கள் வீட்டுக்குப் போகவேண்டும், தூரம், சின்ன அணிகளோடு மோதி என்ன லாபம் என்று ஆளுக்கொரு சாட்டு. பெரிய அணி வராவிட்டால் சனம் வராது. இன்னொரு மாரிக்கும் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தால் போட்டியை மூடிவிட்டு ஐஸை வாடகைக்கு விடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. டக் மத்தியானச் சாப்பாட்டைக்கூடப் பிரிக்காமல் அழைப்புக் கடிதங்களுக்குக் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"கடிதம் போட்டா ஆர் வருவினம்? நேரில போய்ச் சொல்லவேணும்" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அங்கே எல்லாரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் ஞாபகத்தில் எல்லாரும் தமிழில்தான் பேசுகிறார்கள், டக் உட்பட.

டக் சிரித்தார். அடுத்த நாள் வந்து, "எப்ப போவம்?" என்று கேட்டார்.

வடக்கே ஒரு சுரங்க ஊர்க் கல்லூரியில்தான் மிகப் பலமான அணி இருந்தது. அதன் பயிற்றுநர் மொறிஸ், யாருக்கும் பிடி கொடுக்காத ஆள் என்று பெயர். போவதற்கு முதல் நாள் நான் எங்கள் வோபர்ன் அப்பார்ட்மென்டில் பயத்தம் உருண்டை பிடித்துக்கொண்டிருக்க, என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். "உதென்ன, பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீடே? ஹொக்கிக்கு ஆர் பலகாரத்தோட போறது?" என்றார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெறுங்கையோடு ஒருவரைப் போய்க் கூப்பிட எனக்குத் தெரியாது.

வேனில் போகும்போது டக்குக்கு ஒன்றைத்தான் படிப்பித்தேன். போனவுடன் போட்டியைப் பற்றிக் கதைக்கக் கூடாது. சுகம் கேட்கவேண்டும், தந்ததைக் குடிக்கவேண்டும், எழும்பி வெளிக்கிடும்போதுதான் விஷயத்தைச் சொல்லவேண்டும். மொறிஸின் வீட்டில் டக் பாவம், நெருப்பில் நிற்பதுபோல நெளிந்துகொண்டு இருந்தார். மொறிஸ் தன் தாயின் இடுப்பு ஒப்பரேஷன் பற்றி, கூரை ஒழுக்குப் பற்றி, எல்லாம் சொல்லி முடித்தார். நான் பெட்டியைக் கொடுத்தேன். ஒரு உருண்டையைக் கடித்துவிட்டு என்ன என்று கேட்டார். பயறு என்றேன். "அப்ப புரோட்டீன்! பெடியங்களுக்கு நல்லது" என்று மூடி வைத்தார். வாசலில் சப்பாத்து மாட்டும்போது டக் சொன்னார்: "மார்கழியில வந்திடுங்கோ."

வந்தார்கள். வந்து எங்கள் பெடியன்களை வெளுத்துக் கட்டினார்கள். ஒரு கோல்கூட அடிக்க விடவில்லை. அரங்கு நிறைந்திருந்தது. சொந்த அணி அடிவாங்க, டக் எழும்பி நின்று கை தட்டினார். மொறிஸ் வருகிறாராம் என்று கேட்டு மற்றப் பெரிய அணிகளும் அடுத்த வருடம் வந்தன. "என்ர பெடியங்களைக் கேட்டு எத்தனையோ பேர் கடிதம் போட்டவை. என்னைத் தேடி வந்தது நீங்கள்தான்" என்று மொறிஸ் ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புரட்டாதியும் போய்ச் சொன்னோம். போகாத வருடம் வரமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். அந்த நெடுஞ்சாலை என் முதுகில் இன்னும் இருக்கிறது.

பிறகு மொறிஸ் ஓய்வெடுத்தார். அவர் இடத்துக்கு வந்த இளைஞரிடமும் போனோம். மரியாதையான பிள்ளை. "இவ்வளவு தூரம் ஏன் வந்தனீங்கள்? ஈமெயில் போட்டிருக்கலாமே" என்றார். திரும்பி வரும்போது டக் ரேடியோவைக்கூடப் போடவில்லை. ஈமெயில் போட்டோம். எத்தனை ஆட்டம், ஹோட்டல் எது, பஸ் செலவு யார் என்று கேட்டு எழுதினார்கள், பிறகு வரவில்லை. அவர்கள் வராததால் மற்றவர்களும் வரவில்லை. போட்டி நின்றது. டக்கும் ஓய்வெடுத்தார், நானும் எடுத்தேன். கிறிஸ்மஸ் கிழமையில் அங்கே இப்போது பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்கு ஐஸ் கொடுக்கிறார்களாம்.

போன மாரியில் டக் செத்துப் போனார். மண்டபத்தில் பெரிய கூட்டம் இல்லை. பின்வரிசையில், ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல், மொறிஸ் இருந்தார். அந்தப் பனிக்குள் அவ்வளவு தூரம் தனியே ஓட்டி வந்திருக்கிறார்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. கேள்விப்பட்டன், வந்திட்டன்."

நல்ல காரியத்துக்கு நாங்கள் அழைப்புப் பார்ப்போம். சாவீட்டுக்கு யாரும் அழைப்பதில்லை, கேள்விப்பட்டால் போகவேண்டும். இதை நான் அவருக்குச் சொன்னதே இல்லை. என் கண் நிறைந்துவிட்டது. வெளியே அவர் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்ட, நான் பக்கத்தில் நின்றேன். அவர் ஏறிப் போனார். அந்த வடக்குப் பாதையில் போவதற்கு எனக்கு இனி ஒரு காரணமும் இல்லை.