அந்தம்மா வரட்டும்

அன்றைக்கு என் வாயில் ஒரு கமர்கட் இருந்தது. நாங்கள் அண்ணா என்று கூப்பிடும் எங்கள் முதலாளி தம் கையாலேயே ஊட்டியது. புதிதாகச் செய்த மொபைல் விளையாட்டை வெளியாள் ஆடிப் பார்க்கும்போது செய்தவன் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். என் வாய் அதற்கு லாயக்கில்லை என்பது செம்பாக்கம் முழுக்கத் தெரியும்.

விளையாட்டு இதுதான்: தாம்பரத்தில் மின்சார ரயில் நிற்கிறது. கூட்டத்தை ஏற்றிவிட்டு, முப்பது விநாடிக்குள் மணியை இரண்டு முறை தட்டினால் வண்டி கிளம்பும். ஐந்து மாத உழைப்பு. காலையில் வந்த மூன்று பேரும் பாதியில் போனை வைத்துவிட்டு டீ கேட்டார்கள். "இன்னும் ஒருத்தர்தான். அவரும் முடிக்கலைன்னா இதை மூட்டை கட்டிட்டு பழையபடி மளிகைக்கடைக்கு ஆப் செய்யவே போயிடலாம்" என்றார் அண்ணா. என் குறிப்பேட்டில் அதுவரை ஒரே வரி: "வேறு வேலை தேடு."

நான்காவது ஆள், என் கீழ்வீட்டு கார்டு சார். நிஜ ரயிலிலேயே கடைசிப் பெட்டியில் நின்று மணி அடிப்பவர். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். கூட்டத்தை அழகாக ஏற்றினார். சிக்னல் பச்சை. முப்பது விநாடி ஓடியே போயிற்று. அவர் விரல் மணிக்கு மேலே அப்படியே நிற்கிறது. ஒரு நிமிஷம். நாலு நிமிஷம். மதிப்பெண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. என் ரத்த அழுத்தம் எதிர்த்திசையில். கமர்கட்டை முழுசாக விழுங்கிவிட்டுக் கத்தினேன்.

"சார்! மணி சார்! அடிங்க சார்!"

"இருங்க தம்பி. அந்தம்மா ஓடி வர்றாங்கல்ல."

திரையின் மூலையில், நடைமேம்பாலத்தில், பையோடு ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். அழகுக்காக நான் போட்டது. அதே நாலு எட்டு, திரும்பத் திரும்ப. அவளால் ஜென்மத்துக்கும் படி இறங்க முடியாது.

"அது சும்மா படம் சார். வராது."

"கண்ணால பாத்துட்டு எப்படி தம்பி பெல் அடிக்கிறது?"

நக்கலடிக்கத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். அரை மணி நேரத்தில் நான் கிறுக்கிய ஒருத்திக்காக, தினமும் ஆயிரம் பேரை ஏற்றி இறக்கும் மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஐந்து மாதமாகப் பொம்மைகளை நகர்த்திக்கொண்டிருந்த ஆசாமிக்கு அப்போதுதான் பயம் வந்தது, வேறு மாதிரியான பயம்: அந்தப் பெண்ணுக்கு நான் ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணா திரையை எட்டிப் பார்த்தார். "அவர் முடிக்கலைதான்" என்றார். பிறகு, "டேய், அந்தம்மாவ முதல்ல கீழ எறக்கு. மளிகைக்கடை எங்கியும் ஓடிடாது."

அவளைப் படி இறங்க வைக்க ஒரு வாரம் பிடித்தது. அடுத்த ஞாயிறு சார் மறுபடி வந்தார். அவள் இறங்கினாள், ஓடினாள், ஏறினாள். சார் இரண்டு முறை மணியைத் தட்டினார். வண்டி நகர்ந்தது. அண்ணா கைதட்டியேவிட்டார்.

இன்று அந்த விளையாட்டில் பெட்டிக்குள் மின்விசிறிகூடச் சுற்றுகிறது. அந்த ஞாயிறன்று ஜன்னல்களுக்குப் பின்னால் வெறும் கறுப்பு. சார் போனைத் திருப்பித் தராமல் அதற்குள்ளேயே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்கார எடம் கெடைச்சுதா அவங்களுக்கு?"

"கெடைச்சுது சார்" என்றேன். "ஜன்னலோரம்."