எந்த சீட் முன்னால் பார்க்கும்?

ரயிலில் பணிப்பெண் வேலை என்பது, நாள் முழுக்க நின்றுகொண்டே மற்றவர்கள் உட்காருவதைப் பற்றிப் பேசுகிற வேலை.

ஹோட்டலிலோ வங்கியிலோ மருத்துவமனை கவுண்டரிலோ சிரித்த முகமாக நின்று, நீங்கள் செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத் தாடை வலித்துப்போன நண்பர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே போகும் புதிய ரயிலில் எனக்கு வேலை. அதற்கு முன்பு சிங்கப்பூர் தொழிற்சாலையில் இருந்தேன். விடிவதற்குள் எழுந்து, எல்லைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடு நகர்ந்து நகர்ந்து போய், இருட்டிய பிறகு அதே மாதிரி திரும்பி வந்து, பெற்ற மகளின் முகத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்த காலம் அது. ரயில் வேலை கிடைத்த அன்று அந்தப் பாலத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டேன். ஆனால் இது ஒப்பந்த வேலை. வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் மறுபடியும் பாலம்தான்.

ரயிலைக் குறை சொல்ல மாட்டேன். வேகமாகப் போகிறது, சுத்தமாக இருக்கிறது, ஃபோனுக்கு சார்ஜ் போடலாம். வில்லங்கம் சீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் பாதி சீட்டுகள் முன்னால் பார்க்கும், மீதிப் பாதி பின்னால் பார்க்கும். திருப்ப முடியாது, தரையோடு முடுக்கியிருக்கிறார்கள். ரயில் திரும்பி வரும்போது முன்னால் பார்த்தவை பின்னால் பார்க்கும். டிக்கெட் எடுக்கும்போது ஃபோனில் தெரிகிற படத்தில் சீட் எண் இருக்கும், சன்னல் இருக்கும், கழிவறைகூட இருக்கும். எது எந்தப் பக்கம் பார்க்கும் என்பது மட்டும் இருக்காது. ரயில் கிளம்பிய பிறகு பயணிகளின் வயிறு அதை அவர்களுக்குச் சொல்லும். அப்புறம் என்னைக் கூப்பிடுவார்கள்.

பெண் பார்க்கப் போன குடும்பம்

கூலாயில் ஒரு குடும்பம் ஏறியது. பழத்தட்டு, பூ, புதுச்சட்டை மாப்பிள்ளை. சிகாமட்டில் பெண் பார்க்கப் போகிறார்கள். எல்லாருக்கும் பின்னால் பார்க்கும் சீட். ரயில் நகர்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றுவிட்டார். "நல்ல காரியத்துக்குப் போறோம், முதுகக் காட்டிக்கிட்டா போறது? நான் நின்னுக்கிட்டே வரேன்" என்றார். அவர் நின்றதால் மகனும் நின்றான். மகன் நின்றதால் தாய்மாமனும் நின்றார். பழத்தட்டை மட்டும் உட்கார வைத்திருந்தார்கள்.

நான் எதிர்ப்பக்கம் போய்க் கெஞ்சினேன். காதில் பாட்டு மாட்டியிருந்த சீன ஆடவர் ஒருவர் என்ன ஏது என்றுகூடக் கேட்காமல் எழுந்து இடம் கொடுத்தார். கல்லூரி மாணவிகள் இரண்டு பேர் கல்யாண விஷயம் என்றதும் ஆர்வமாக மாறிக்கொண்டார்கள். கடைசியில் ஓர் இடம் குறைந்தது. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் பின்னால் பார்க்கும் சீட்டிலேயே தங்கிவிட்டார். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மனிதர் மனைவிக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "பரவால்லமா, கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்க போறோம்னு எனக்கு யாரும் சொன்னதில்ல, இன்னைக்கு மட்டும் தெரிஞ்சி என்ன ஆவப்போவுது?"

மேலிடத்து வாக்கியம்

இப்படி நான் ஆளை மாற்றி மாற்றி உட்கார வைப்பது எங்கள் சூப்பர்வைசர் குணாவின் காதுக்குப் போய்விட்டது. குணா கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் சொல்வதைக் கீழே இருப்பவர்களிடம் சொல்லும்போது கொஞ்சம் குரலைச் சேர்த்துக்கொள்வார், அவ்வளவுதான். ஒருநாள் காலையில் எல்லாரையும் நிற்க வைத்து, இனி சீட் மாற்றிக் கொடுக்கக்கூடாது, எந்த சீட் எந்தப் பக்கம் பார்க்கும் என்று பயணிகளுக்குச் சொல்லவும் கூடாது என்றார். தெரிந்தால் எல்லாரும் முன்னால் பார்க்கும் சீட்டையே எடுப்பார்கள், மீதி காலியாகக் கிடக்கும் என்பது மேலிடத்தின் பயம். யாராவது கேட்டால் சிரித்தபடி ஒரே வாக்கியம்தான் சொல்ல வேண்டும்: "எல்லா சீட்டும் ஒண்ணுதான்." தமிழில், மலாயில், ஆங்கிலத்தில் என்று மூன்று மொழியிலும் எங்களை ஒப்பிக்கச் சொன்னார்.

எனக்கு வாய் வரவில்லை. வரவில்லை என்றால் நிஜமாகவே வரவில்லை. தலை சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு, நெற்றி வியர்க்க உட்கார்ந்திருக்கிற மனுஷியிடம் போய் எல்லாம் ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வது? தெரியாதென்று சொல்லச் சொன்னால்கூடச் சொல்லியிருப்பேன். இது பச்சைப் பொய். "பாஸ், நீங்களா இருந்தா எந்த சீட்டுல உக்காருவீங்க?" என்று கேட்டேன். குணா கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் எங்க போனாலும் கார்லதான் போவேன், புவனா."

கொண்டை

சீட்டின் குற்றம் திசை மட்டும் இல்லை. தலை சாய்க்கிற இடத்தில் முன்பக்கமாகப் பிதுங்கிய ஒரு மெத்தை உண்டு. கழுத்துக்குச் சுகமாக இருக்கும் என்று வைத்தார்களாம். குட்டைமுடி ஆண்களுக்கு இருக்கலாம். ஒருமுறை குளுவாங் கோயிலில் கல்யாணம் என்று நான்கு பெண்கள் பட்டுச்சேலையும் பெரிய கொண்டையும் கொண்டை நிறைய மல்லிகையுமாக ஏறினார்கள். சாய்ந்தால் கொண்டை தலையை முன்னால் தள்ளுகிறது, நிமிர்ந்தால் முதுகு வலிக்கிறது. நான்கு பேரும் போலீஸ் விசாரணைக்கு வந்தவர்கள் மாதிரி தலையைக் குனிந்தபடி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் முழுதாகப் பக்கவாட்டில் திரும்பி, கன்னத்தை மெத்தையில் வைத்துக்கொண்டு பயணம் செய்தார். இறங்கும்போது பூவெல்லாம் நசுங்கி சீட்டில் கிடந்தது. உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டே அவர் கேட்டார்: "இந்த சீட்ட செஞ்சவன் வீட்டுல பொம்பளைங்க யாரும் தலையே சீவ மாட்டாங்களா?"

சர்வதேச அளவு

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மாதாமாதம் வருவார். யாழ்ப்பாணத்துப் பேச்சு, இஸ்திரி போட்ட பேச்சு. ஆள் குள்ளம். சாய்ந்து உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. கால் எட்டினால் முதுகு சாய முடியாது. இரண்டில் எது வேண்டுமென்று அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அவர் முறையாகப் புகார் எழுதிப் போட்டார். இருக்கை சர்வதேச அளவுப்படி அமைந்தது என்று பணிவாகப் பதில் வந்தது. அதை என்னிடம் சொல்லிவிட்டு, காலை ஆட்டிக்கொண்டே சன்னலைப் பார்த்தார். "பிள்ளை, இந்தச் சர்வதேச அளவு எடுக்கேக்க எங்கட வீட்டுப் பக்கம் ஒருத்தரும் வரேல்லையே!"

அஸ்லினாவின் துடைப்பான்

என்னோடு வேலை பார்க்கும் அஸ்லினா சொன்ன பேச்சு கேட்பவள். அவளுக்கும் ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். ஆகவே மூன்று மொழியிலும் வாக்கியத்தைத் தேன் ஒழுகச் சொல்வாள். நான் அவளைக் கோபித்துக்கொண்டதில்லை. ஒருநாள் தடித்த ஆசாமி ஒருவர், வயிறு முட்டப் பசியாறிவிட்டு ஏறியவர், எனக்குப் பின்னால் பார்த்தால் ஆகாது என்று மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் எல்லா சீட்டும் ஒன்றுதான் என்று அஸ்லினா சிரித்தாள். லாபிஸ் தாண்டுவதற்குள் ஆசாமி பசியாறியதையெல்லாம் பெட்டியின் நடுவில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அஸ்லினா மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்தாள். முடித்துவிட்டு வந்து மலாயில் என்னிடம் சொன்னாள், தமிழில் அது இப்படி வரும்: "ஐயோ அக்கா, சீட்டெல்லாம் ஒண்ணுதான், ஆனா துடைக்கிற கை குணாவோட கை இல்ல லா."

லாரிக்காரர்

நியாயமாகச் சொன்னால், பின்னால் பார்க்கும் சீட்டையே கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். லாயாங் லாயாங்கைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் குளுவாங்கில் ஏறினார். அவருக்கு முன்னால் பார்க்கும் சீட் கிடைத்திருந்தது. மாற்றிக் கொடுங்கள் என்று அடம்பிடித்தார். பக்கத்திலேயே பின்னால் பார்க்கும் சீட்டில் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஓர் அம்மா இருந்தார். இரண்டு பேரையும் மாற்றி உட்கார வைக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு பேரும் எனக்கு நன்றி சொன்னார்கள். அன்று சாயங்காலமே குணாவிடம் போய், பாருங்கள் பாஸ், பின்பக்கத்துக்கும் ஆள் இருக்கிறது, எது எது என்று சொல்லிவிட்டால் போதும், அவரவர் பார்த்து எடுத்துக்கொள்வார்கள் என்றேன். குணா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த லாரிக்காரர் சொன்னது எனக்கு இன்னும் சிரிப்பு: "வாரம் பூரா முன்னாடி பாத்துதான் சம்பளம் வாங்குறேன், லீவுலயும் அதையே பாக்கச் சொல்றீங்களாக்கா?"

தலைமை அலுவலகத்து அம்மா

என் ஒப்பந்தம் முடிகிற மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி எங்கள் வேலையைப் பார்வையிட வந்தார். மலாய்க்கார அம்மா, அதிகம் பேசாதவர். எல்லாரும் அவரைப் புவான் என்று மரியாதையாகக் கூப்பிட்டோம். கூடவே குணா. புவான் அறிக்கை கொடுத்த பிறகுதான் யாருக்கு வேலை, யாருக்குப் பாலம் என்று முடிவாகும். குணா காலையிலேயே என்னைத் தனியாக அழைத்து, இன்று ஒருநாள் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடு, உன் மகளை நினைத்துக்கொள் என்றார். மகளை நினைத்ததால்தான் எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்! இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். எப்படியோ முன்னால் பார்க்கும் சீட்டாகப் பார்த்துத்தான் குணா எடுத்திருந்தார்.

குளுவாங்கில் காஹாங்கிலிருந்து வந்த ஒரு தம்பதி ஏறினார்கள். புருஷன் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்ப்பவர். மனைவிக்குக் காதில் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறார்கள். இரண்டு பேருக்கும் பின்னால் பார்க்கும் சீட், அதிகாரி உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிர் வரிசை. ரயில் வேகம் எடுத்ததும் அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு புருஷன் கையைப் பிடித்துக்கொண்டார். புருஷன் என்னைப் பார்த்து, "அக்கா, இது பின்னாடி பாக்குற சீட்டுதானே? எனக்குத்தான் அப்படித் தோணுதா?" என்று கேட்டார். குணா புருவத்தை உயர்த்தி எனக்குச் சைகை காட்டினார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "உங்களுக்குத் தோணல அண்ணே, நெஜமாவே பின்னாடிதான் பாக்குது. இருங்க, எடம் பாக்குறேன்" என்றேன்.

பெட்டி நிறைந்திருந்தது. இரண்டு நடை நடந்து பார்த்தேன். முன்பக்கம் கையில் குழந்தையோடு ஒரு பெண், ஊன்றுகோலோடு ஒருவர், தூங்கிக்கொண்டிருந்த பள்ளிப்பிள்ளைகள். எழுந்திருக்கக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். நேராகப் போய் குணாவிடம், "பாஸ், நீங்க ரெண்டு பேரும் அங்க மாறிக்கிறீங்களா? அந்தம்மாவுக்கு ரொம்ப முடியல" என்றேன். குணாவின் முகம் கறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "புவான் முன்னாடி மானத்த வாங்காத. அந்த வார்த்தைய சொல்லிட்டு வேலையப் பாரு" என்றார். "சொல்ல மாட்டேன் பாஸ். என்ன அனுப்பணும்னா அனுப்புங்க" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டது. பெட்டியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

புவான் என்ன என்று கேட்டார். மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வாக்கியத்தையும் சேர்த்து. அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் தன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, பின்னால் பார்க்கும் சீட்டில் போய் உட்கார்ந்தார். மேலதிகாரி அங்கே போன பிறகு குணா மட்டும் இங்கே இருக்க முடியுமா? அவரும் போனார், அந்தப் புருஷன் அவர் இடத்துக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் எதிர்வரிசையில் அந்தப் பெண் கண்ணைத் திறந்து புருஷனிடம் ஏதோ பேசத் தொடங்கினார். இந்தப் பக்கம் புவான் சிகாமட் வருவதற்குள் இரண்டு தடவை தண்ணீர் கேட்டார். இறங்கும்போது என் பெயர் அட்டையை நின்று படித்தார். வேலை போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் தாழ்ந்த குரலில், குணாவுக்குக் கேட்காமல், ஒன்றே ஒன்று கேட்டார்: "நாளைக்குத் திரும்பிப் போகும்போது எந்தப் பக்கம் முன்னால் பார்க்கும்?"

சொன்னேன்.

பதில்

இரண்டு வாரம் கழித்து குணா என்னைக் கூப்பிட்டார். அஸ்லினாவுக்கு ஒரு வருஷம் கிடைத்திருந்தது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். என் விஷயத்தில் மேலே இழுபறியாம். வேலையை விட்டு எடுக்கவும் மனசில்லை, மற்றவர்களைப் போல் நடத்தவும் மனசில்லை. ஃபோன் படம் மாறவில்லை, சீட் மாறவில்லை, வாக்கியமும் மாறவில்லை. குணா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உனக்கு மூணு மாசம்தான் குடுத்திருக்காங்க, புவனா. புடிவாதத்த விட்டேன்னா ஒரு வருஷமா ஆக்கித் தரச் சொல்றேன்."

மூன்று மாதத்தில் ஜொகூர் பாருவிலிருந்து எத்தனையோ தடவை வடக்கே போய் வந்துவிடலாம், அத்தனை தடவையும் எந்தப் பெட்டியில் யார் கேட்டாலும் எது முன்பக்கம் என்று கைநீட்டிக் காட்டத்தான் போகிறேன்.