நோயை அறிந்தபின் அம்மா வாழ்ந்த மாதங்கள்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகின்ற இந்நாளில், அவரை அறிந்த உங்கள் முன் இதை வைக்கிறேன். மூத்த மகள் என்ற உரிமையைத் தவிர எழுதுவதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

அம்மா திருக்கோவிலில் கடற்றொழில் செய்த குடும்பத்தில், அண்ணன்மாருக்குப் பின் பிறந்த ஒரே பெண். பாண்டிருப்பில் நெல் வேளாண்மை செய்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பயிருக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். பிறகு அப்பாவுக்கு இணையாக வயலில் நின்றார். போர் நடந்த குழப்பமான காலத்தில் வீட்டை விட்டோடிக் காரைதீவில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தபோதுதான் தம்பி பிறந்தான். கடல் பொங்கி வந்த ஆண்டில் தன் அண்ணன்மாரில் இருவரை இழந்தார். ஊரில் ஒரு மரணவீடு என்றால் அம்மா முதல் ஆளாய்ப் போவார். தேற்றும் வார்த்தைகள் அவருக்கு வராது. அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கையோடு கூட்டிவந்து, குளிக்க வார்த்து, சோறு கொடுப்பார்.

பெரும்போக விதைப்புக்கு வயலை உழுதுகொண்டிருந்த நாட்களில் அம்மாவுக்கு வயிறு ஊதி, சாப்பாடு செல்லாமல் போனது. கல்முனையில் காட்டினோம், அங்கிருந்து மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். சூலகத்தில் தொடங்கிய புற்றுநோய் ஈரல்வரை பரவிவிட்டதென்று வைத்தியர் அப்பாவைத் தனியாக அழைத்துச் சொன்னார். அம்மாவிடம் மறைத்துவிடலாம் என்பதே மாமாமாரின் முடிவு. கட்டாரில் வேலை செய்யும் தம்பியும் தொலைபேசியில் அதையே சொன்னான். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா போய் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். நான் வாசலில் நின்றேன்.

“புள்ள, டொக்டர் எனக்கிட்டச் சொன்னத உனக்கிட்டச் சொல்லாம என்னால இருக்க ஏலாது” என்றார் அம்மாவைப் பார்த்து. என்ன நோய், எவ்வளவு பரவியிருக்கிறது, முழுதாய் மாறாது, மருந்து ஏற்றினால் கொஞ்சக் காலம் கிடைக்கலாம் என்பதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னார்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். “உங்களுக்கு எப்ப தெரியும்?”

“முந்தநாள்.”

“முந்தநாளிலிருந்து இதத் தனியச் சுமந்துகொண்டா திரிஞ்சீங்க?”

பிறகுதான் அம்மா அழுதார். அப்பா எழும்பவில்லை. மீன் வாசம் பட்ட அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு இருந்தார்.

அதுவரை வீட்டில் எல்லாவற்றையும் தானே முடிவெடுத்த அப்பா, அன்றிலிருந்து அம்மாவிடம் கேட்காமல் ஒன்றும் செய்யவில்லை. மருந்து ஏற்றும் நாட்களில் முதல் பஸ்ஸில் கூட்டிப்போவார். பெண்கள் வார்டுக்குள் ஆண்கள் நிற்க முடியாததால் நான் உள்ளே இருப்பேன்; அவர் மாலைவரை வெளியே மரத்தடியில் நிற்பார். வெங்காயம் தாளிக்கும் மணம் அம்மாவுக்கு ஒத்துவராதபடியால் முற்றத்தில் அடுப்பு வைத்துச் சமைக்கப் பழகினார். அவர் பொறுமையிழந்ததும் உண்டு. அம்மா மருந்துக் குளிசைகளைத் துப்பிவிட்ட ஒருநாள் சத்தம் போட்டுவிட்டு வெளியே போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து அம்மாவின் கால்களைப் பிடித்துவிட்டார்.

வயலுக்குப் போக அவருக்கு மனமில்லை. பக்கத்து வயல்காரரான, நாங்கள் காக்கா என்று அழைக்கும் வரிப்பத்தான்சேனை முஸ்லிம் அண்ணர் இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். “நீ பொஞ்சாதியப் பாரு தம்பி, வெள்ளாமைய நான் பாக்கன்” என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே விதைத்து, யானைக்குக் காவல் இருந்து, வெட்டியும் தந்தார்.

சில மாதங்களுக்குப் பின் மருந்து பலனளிக்கவில்லை. வேறு மருந்து பார்க்கலாம் என்றார்கள். கொழும்புக்குக் கொண்டுபோகும்படி தம்பி சொன்னான். அம்மா போதும் என்று மறுத்தார். “காணும். இனி நான் வீட்ட இருக்கன்.”

“இன்னொருக்காப் பாப்பம் புள்ள, எனக்காக” என்று அப்பா கெஞ்சினார்.

“உங்களுக்காகத்தான் இவ்வளவும் ஏத்தினன்.”

அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்துத் தம்பியிடம், “அம்மா வீட்டதான் இருப்பா. வாறதெண்டா இப்ப வா” என்றார். அவனும் வந்து சேர்ந்தான்.

கடைசி வாரங்களில் அம்மாவைக் கழுவித் துடைப்பதை அப்பா எங்களிடம் விடவில்லை. ஒருநாள் அவர் கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து அம்மா என்னை அருகே அழைத்தார். “அப்பா என்ட முன்னால ஒரு நாளும் அழல்ல. நான் போன பிறகு அழுவார். ஆரும் மறிக்க வேணாம்” என்றார்.

ஓர் ஆவணி மாத நண்பகலில், அப்பா கரண்டியால் தண்ணீர் பருக்கிக்கொண்டிருக்கையில் அம்மாவின் மூச்சு அடங்கியது. அப்பா வாய்விட்டு அழுதார். நீங்கள்தானே பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்று உறவினர் சிலர் அன்போடு தடுக்க வந்தபோது, நான் குறுக்கே நின்று அவரை விடும்படி கேட்டுக்கொண்டேன். அன்று மனம் நொந்தவர்கள் அதன் காரணத்தை இப்போது அறிவீர்கள்.

அம்மாவைப் பார்த்த வைத்தியர்கள், தாதியர், இறுதிக் கிரியைகளில் கூட நின்ற அயலவர், தூரத்திலிருந்து அழுத உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காக்காவுக்கும், நோன்பு நாட்களிலும் அம்மாவுக்கென்று கஞ்சி காய்ச்சி அனுப்பிய அவரது மனைவிக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

அப்பாவின் பெயரையும் நன்றியில் சேர்க்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

“அவ இவ்வளவு வருசமும் என்னப் பாத்தா, மகள். அதுக்கு நான் ஒரு நன்றியும் சொல்லல்ல.”

— மூத்த மகள்