நான்காம் அறையின் ஸ்பீக்கர்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஒயரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அழைப்பு மணியோ ஒலிபெருக்கியோ எது மக்கர் செய்தாலும், ஏணியைத் தூக்கிக்கொண்டு அவள்தான் வருவாள். புருஷனை விட்டு வந்த அன்று, அண்ணன் அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான். அதோடு பேச்சு நின்றது. பதினோரு வருடம்.

தொற்று நோய்ப் பிரிவுக்குள் உறவினர்களை விடக்கூடாது என்று ஆனதும், அவர்கள் வெளியறையில் இருந்தபடியே நோயாளியோடு பேச வழி செய்யும்படி அவளிடம் சொன்னார்கள். இடையில் எழுபது மீட்டர். சாதாரண மைக் ஒயரை அவ்வளவு தூரம் இழுத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் குரலை நெட்வொர்க் கேபிள் வழியே சுத்தமாகக் கடத்தும் இரண்டு சின்னப் பெட்டிகளை வாங்கினாள். ஒன்று நோயாளியின் தலைமாட்டில், மற்றது வெளியறையில். நடுவே ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள். இரண்டு பெட்டியிலும் ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர்.

நான்காம் அறைக் கதவில் ஒட்டியிருந்த பெயரை அவள் இரண்டு முறை படித்தாள். அண்ணன்.

அவன் தலைக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் சைகை காட்ட, கவச உடை போட்ட நர்ஸ் உள்ளே மைக் பின்னையும் ஸ்பீக்கர் பின்னையும் செருகினாள். பிறகு இவள் வெளியறைக்கு ஓடிவந்து தன் பெட்டியை இணைத்தாள். அண்ணனின் இருமல் கேட்டது.

"இது எதுக்கும்மா?"

"உங்க வீட்டு ஆளுங்க பேசத்தான். யாரைக் கூப்பிடட்டும்?" என்றாள் நர்ஸ்.

"ஒரு தங்கச்சி இருக்கா. வரமாட்டா. நான் பண்ணினது அப்படி."

"அண்ணே, நான் இங்கதான் இருக்கேன்!"

"வந்தாலும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பேசறது..." என்று அவன் நர்ஸிடம் சொல்லிக்கொண்டே போனான். இவள் குரல் அங்கே போகவே இல்லை.

கேபிளைக் கழற்றி மாட்டினாள். மைக்கை மாற்றினாள். கோளாறு உள்ளேதான். அவன் பக்கத்து ஸ்பீக்கர் பின் பாதிதான் செருகியிருக்க வேண்டும். ஒரு விரலால் அழுத்தினால் போதும். அதற்குள் நர்ஸ் வெளியேறி உடையைக் கழற்றியிருந்தாள். "அடுத்த ரவுண்டுலதான் உள்ள போக முடியும்மா" என்றாள்.

அவள் ஸ்பீக்கரில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அரைமணி கழித்து அண்ணனின் மூச்சு கரகரத்தது, விட்டு விட்டு வந்தது. ஓடிப்போய்க் கத்தினாள். டாக்டர்கள் வந்து தொண்டையில் குழாய் போட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் நர்ஸ் அந்தப் பின்னை அழுத்தினாள்.

"அண்ணே, நீ கதவைச் சாத்தினப்ப என் செருப்பு ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சு. ஒத்தச் செருப்போட நடந்தேன் தெரியுமா?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மெஷின் மட்டும் மூச்சு விட்டது.

"அவருக்குக் கேக்குதான்னு தெரியலம்மா" என்றாள் நர்ஸ்.

மூன்று நாள் பேசினாள். நான்காம் நாள் காலையில் அவன் போய்விட்டான்.

மறுவாரம் அதே அறைக்கு ஒரு கிழவர் வந்தார். வெளியறையில் அவர் மகள் காத்திருந்தாள். இம்முறை ஒயரம்மா நர்ஸை நகரவிடவில்லை. "அப்பா" என்று மகள் கூப்பிட்டு, "சொல்லும்மா" என்று அங்கிருந்து குரல் வந்த பிறகே ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.